பெட்டி நம்மளோடது, உள்ள இருக்கிற பொருள் யாரோடதோ! ரிட்டர்ன்ல ஏமாந்த கதைய எல்லாரும் சொல்லுங்க

நேத்து ஒரு ரிட்டர்ன் பார்சல பிரிச்சதுல இருந்து மனசே ஆறல, அதான் இங்க கொட்டிடலாம்னு வந்தேன். நான் பழைய கேமரா லென்ஸ் வாங்கி சுத்தம் பண்ணி ஆன்லைன்ல விக்கிறவன். போன மாசம் ஒரு லென்ஸ் போச்சு, நல்ல கண்டிஷன், கண்ணாடில ஒரு கீறல் கிடையாது. பத்து நாள் கழிச்சு "ஃபோகஸ் ஆகல"னு ரிட்டர்ன் போட்டாங்க. சரி வரட்டும்னு விட்டேன். வந்த பெட்டி என் பெட்டிதான், நான் ஒட்டின ஸ்டிக்கர், நான் சுத்தின பபிள் ரேப் எல்லாம் அப்படியே. லென்ஸ வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாக்குறேன், உள் கண்ணாடில சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! பத்து நாள்ல இவ்ளோ பூஞ்சை வளராதுங்க. பின்னாடி கேமராவோட மாட்டுற மவுண்ட் ஸ்க்ரூவெல்லாம் தலை தேஞ்சு போயிருக்கு, யாரோ பல தடவை கழட்டி மாட்டினது. அதே மாடல், ஆனா அது என் லென்ஸே இல்ல.

உடனே நான் விக்கிற சைட்டுல பணம் கேட்டு கிளெய்ம் போட்டேன். ரெண்டே நாள்ல ரிஜெக்ட். காரணம் கேட்டா சிரிப்பீங்க, நான் அனுப்பின போட்டோல சீரியல் நம்பர் இருக்கு, ஆனா அது பெட்டி மேல இருக்கிற சீரியல் நம்பர். லென்ஸ் மேல பொறிச்சிருக்கிற நம்பர எடுக்கவே இல்ல. பெட்டி சரியாதான திரும்பி வந்திருக்கு, அப்ப அவங்க பார்வைல எல்லாம் சரி! இந்த முட்டாள்தனத்த இத்தன வருஷமா பண்ணிட்டு இருந்திருக்கேன்னு நெனச்சாதான் அந்த ஆள் மேல வர்ற கோவத்த விட என் மேலயே அதிகமா வருது. வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

*

ப்ரோ, ஆகாம இருக்குமா. நான் செகண்ட் ஹேண்ட் மொபைல் விக்கிறேன். ஆரம்பத்துல எனக்கும் இதே கதைதான், அதுக்கப்புறம் ஒவ்வொரு போனுக்கும் *#06# அடிச்சு ஸ்க்ரீன்ல வர்ற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரோட (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) போட்டோ எடுத்து வச்சுடுவேன், திரும்பி வந்ததும் அதையே அடிச்சு ஒத்துப் பாப்பேன். ஆள் மாறாட்டம் மாதிரி போன் மாறாட்டம் பண்றவன் அதுல மாட்டிக்குவான்.

ஆனா ஒருத்தன் அதுக்கும் மேல போயிட்டான். ஐஎம்இஐ கரெக்டா இருக்கு, போன் என்னோடதுதான், ஆனா ஸ்க்ரீன்ல வெள்ளை ஒரு மாதிரி நீலமா அடிக்குது, ஓரத்துல நகத்த வச்சா பசை பிசுபிசுங்குது. ஒரிஜினல் டிஸ்ப்ளேவ கழட்டிட்டு டூப்ளிகேட்ட ஒட்டி அனுப்பியிருக்கான்! லேப்டாப்ல ரேம், எஸ்எஸ்டி உருவிட்டு அனுப்புறதும் இதே ரகம்தான். இப்ப என்ன பண்றேன்னா, ஸ்க்ரூ தலையும் பக்கத்து பாடியும் சேர்ற மாதிரி யூவி பேனால ஒரு சின்ன கோடு போட்டுடுவேன். சாதாரண வெளிச்சத்துல தெரியாது, யூவி டார்ச் அடிச்சா பளிச்னு தெரியும். ஸ்க்ரூவ திருகினா கோடு ரெண்டா பிரிஞ்சு நிக்கும், கழட்டலன்னு எவனும் சாதிக்க முடியாது. கோடு போட்டத பேக் பண்றப்ப எடுக்கிற வீடியோலயும் காட்டிடணும், இல்லன்னா நீயே அப்புறமா போட்டதுன்னு சொல்லுவாங்க.

*

துணி விக்கிறவ நான், எங்க பக்கம் வேற மாதிரி கூத்து. இங்க யாரும் மாத்தி அனுப்ப மாட்டாங்க, அதே ட்ரெஸ்தான் வரும், ஒரு நாள் ஃபங்ஷனுக்கு போட்டுட்டு வரும் 😀 "சைஸ் சரியில்ல"ன்னு காரணம் போட்டிருப்பாங்க, பிரிச்சா சென்ட் வாசனை மூக்க துளைக்கும், கழுத்துப்பட்டி உள்பக்கம் பவுடர் கறை, ஒரு தடவ ஹேர்பின்னே மாட்டிட்டு இருந்துச்சு. டேக்க மட்டும் அழகா திரும்ப கட்டியிருந்தாங்க. டேக்க கைக்குள்ள இல்லன்னா முதுகுப்பக்கம் மறைச்சு வச்சுட்டே ஃபங்ஷன முடிச்சுடலாம்ல.

அதனால இப்ப உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டேக், முன்பக்கம் நெஞ்சுல தெரியிற மாதிரி, ஒரு தடவ வெட்டினா திரும்ப பூட்ட முடியாத லாக் போட்டு மாட்டிடறேன். அத வெட்டாம வெளிய போட்டுட்டு போக முடியாது, வெட்டினா ரிட்டர்ன் கிடையாதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கேன். போட்டுப் பாக்க எந்த தடையும் இல்ல, நேர்மையானவங்க இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.

*

நீங்க எல்லாம் பார்சலாவது வந்துச்சேன்னு சந்தோஷப்படுங்க. எனக்கு பொருளே வரல, ஆனா ட்ராக்கிங்ல "ரிட்டர்ன் டெலிவரி ஆயிடுச்சு"ன்னு காட்டுது, ரீஃபண்டும் தானா போயிடுச்சு. மூணு நாள் தலைய பிச்சுக்கிட்டேன். நாம குடுக்குற ரிட்டர்ன் லேபிள்ல பார்கோட அப்படியே விட்டுட்டு அட்ரஸ மட்டும் மாத்தி, ஒரு வெத்து கவர்ல ஒட்டி அனுப்பியிருக்கான். அது நம்ம ஏரியாலயே யாரோ சம்பந்தமில்லாத ஒருத்தர் வீட்டுக்கு போய் சேர்ந்திருக்கு, அவர் குப்பைனு தூக்கிப் போட்டிருப்பார். சிஸ்டத்துக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பார்கோடு ஸ்கேன் ஆச்சு, டெலிவரி ஆச்சு, முடிஞ்சது. பொருள் இன்னமும் அவன்கிட்டயே இருக்கு.

என்னைய காப்பாத்தினது எடை. கூரியர் ஆபீஸுக்கு நேர்ல போய் டெலிவரி ப்ரூஃப் வேணும்னு எழுதிக் குடுத்தேன், அவங்க பதிவுல அந்த கவர் 30 கிராம்னு இருக்கு. நான் அனுப்பின மிக்ஸர் 4 கிலோ. அந்த ஒரு பேப்பரயும் நான் அனுப்பினப்ப போட்ட எடை ரசீதையும் சேர்த்து வச்சு அப்பீல் போட்டேன், பணம் திரும்ப வந்துச்சு. அதனால லென்ஸ் அண்ணா, நீங்களும் போகும்போது என்ன எடை, வரும்போது என்ன எடைன்னு கேட்டு வாங்கிப் பாருங்க, ஒரே மாடல்னா வித்தியாசம் இருக்காதுதான், இருந்தாலும் கேளுங்க.

*

கார்டுல வாங்கிட்டு பேங்க் வழியா சார்ஜ்பேக் போட்டு, அதாவது பேங்க்ல புகார் குடுத்து, கட்டின பணத்த திரும்ப எடுத்துக்கிறவங்கள யாரும் சொல்லலையே. ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு, இனி பிரச்சினை இல்லன்னு நிம்மதியா இருப்போம், திடீர்னு கணக்குல இருந்து பணம் போகும். வீசா, மாஸ்டர்கார்டு விதிப்படி பல காரணங்களுக்கு 120 நாள் வரைக்கும் டைம் இருக்கு. அதனால டெலிவரி கையெழுத்து, சாட், போட்டோ எதையும் ஆறு மாசத்துக்கு டெலீட் பண்ணாதீங்க. நான் போன் மெமரி ஃபுல் ஆயிடுச்சுன்னு வீடியோவ அழிச்சு ஒரு தடவ தோத்தேன்.

*

பீங்கான் பொருள் விக்கிறேன். இப்ப புதுசா ஏஐல விரிசல் வரைஞ்சு போட்டோ அனுப்புறாங்க. எனக்கு வந்த ரெண்டு போட்டோலயும் ஒரே கப்பு, ஆனா ஒண்ணுல விரிசல் கைப்பிடிக்கு வலது பக்கம், இன்னொண்ணுல இடது பக்கம்! நான் சண்டையே போடல. "மன்னிச்சிடுங்க, இன்னைக்கு தேதிய ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல வச்சு, கப்ப ஒரு சுத்து திருப்பிக் காட்டி சின்னதா ஒரு வீடியோ அனுப்புங்க, உடனே ரீஃபண்ட் பண்ணிடறேன்"னு மரியாதையா கேட்டேன். அதோட ஆள் காணோம்.

*

எல்லாம் சரிதான், நான் ஒண்ணு சொல்றேன் திட்டாதீங்க. ஒரு அம்மா "நான் கேட்டது வரல, வேற ஏதோ வந்திருக்கு"ன்னு ரிட்டர்ன் போட்டாங்க. அதுக்கு முந்தின வாரம்தான் ரெண்டு பேர்கிட்ட ஏமாந்திருந்தேன், சூடா இருந்தேன், இதுவும் அந்த கேஸ்தான்னு நெனச்சு கொஞ்சம் கடுமையாவே எழுதிட்டேன். அப்புறம் ஆதாரம் காட்டலாம்னு என் பேக்கிங் வீடியோவ நானே ஓட்டிப் பாத்தா, போன்ல யார்கூடவோ பேசிக்கிட்டே பக்கத்து ஆர்டரோட பொருள இந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டு இருக்கேன். ரெண்டு லேபிளும் மேஜைல தெளிவா தெரியுது. அந்தம்மாவுக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டப்ப "பரவாயில்ல தம்பி"ன்னு ஒரே வார்த்தைல வச்சுட்டாங்க. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

*

லென்ஸ்காரன் மறுபடி. எல்லாருக்கும் நன்றி. மிக்ஸர் அண்ணன் சொன்னார்னு எடைய கேட்டு வாங்கினேன், போகும்போது 640 கிராம், வரும்போதும் 640. அந்த வழி அவ்ளோதான். ஆனா நேத்து ராத்திரி பழைய விளம்பரத்துல நான் போட்ட போட்டோ எல்லாத்தையும் பெருசாக்கி ஒண்ணொண்ணா பாத்தேன். ஏழாவது போட்டோல லென்ஸ மேஜைல சாய்ச்சு வச்சிருக்கேன், மவுண்ட் ஓரத்துல சீரியல் நம்பரோட கடைசி நாலு இலக்கம் மங்கலா தெரியுது. திரும்பி வந்ததுல வேற நாலு. அப்பீல் போட்டிருக்கேன், பதில் வந்ததும் எழுதறேன். இன்னைக்கு பேக் பண்ண மூணு லென்ஸுக்கும் நம்பர பொறிச்ச இடத்துலயே போட்டோ எடுத்துட்டேன், போன பேசாம ஓரமா வச்சுட்டு.