ரிங் மட்டும் மாத்தினா போதுமா? பழைய சின்ன டிராக்டர் டீசல் எஞ்சின் வேலை பத்தி

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார்ல, மூணு சிலிண்டர் சின்ன டிராக்டர் பழசு ஒண்ணு வாங்கியிருக்கேன், குளிர்ல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, நீலப் புகை தள்ளுது, ஆயில் குறைஞ்சுக்கிட்டே வருது, பிஸ்டனச் சுத்தி இருக்குற ரிங் மட்டும் மாத்திட்டா சரியாயிருமான்னு. ரெண்டு வரில பதில் போடலாம்னுதான் உக்காந்தேன், முடியல. நானும் இதே மாதிரி ஒரு எஞ்சினுக்கு ரிங் மட்டும் போட்டு ஓட்டி, ஒரு வருசம் கூட தாங்காம திரும்பவும் பிரிச்சவன். அந்த ரெண்டாவது தடவதான் ஒழுங்கா செஞ்சேன், அதனால நீளமாவே எழுதுறேன்.

தம்பி, எஞ்சினுக்கு ஸ்பேனர் வைக்கிறதுக்கு முன்னாடி ஏர் கிளீனர்லேர்ந்து மேனிஃபோல்டுக்கு (எஞ்சின் காத்து இழுக்குற குழாய்க்கு) போற ரப்பர் ஹோஸ கழட்டி உள்ள விரல விட்டுத் தடவிப் பாருங்க. விரல்ல மண்ணு ஒட்டுச்சுன்னா எஞ்சின் எதனால தேஞ்சுதுன்னு அங்கேயே தெரிஞ்சுரும். என்னோடதுல கிளாம்புக்கு அடில முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது, ஹோஸ மடக்கினாத்தான் வாய் திறக்கும். ஃபில்டர் புதுசாத்தான் போட்டிருந்தேன், ஆனா ஃபில்டரத் தாண்டி ஓட்டை இருந்தா புது ஃபில்டர் என்ன செய்யும்? அது வழியா போற தூசி ஆயிலோட சேர்ந்து, வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகி ரிங்கையும், பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளையான போரையும் சேத்து அரைச்சிருது. முதல் தடவ ரிங் மாத்தினப்ப அந்த ஹோஸத்தான் துடைச்சு திரும்ப மாட்டினேன்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், சிலிண்டர் காத்த எவ்ளோ நசுக்குதுன்னு கேஜ் வச்சுப் பார்க்குறது. பெட்ரோல் வண்டி கேஜ் இதுக்கு ஆகாது, டீசலுக்குன்னு இருக்குறது வேணும், குளோ பிளக் (ஸ்டார்ட்டிங்குக்கு சூடேத்துற பிளக்) ஓட்டைலயோ நாசில் (டீசல் பீச்சுற முனை) ஓட்டைலயோ அடாப்டர் போட்டுப் பார்க்கலாம். டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது, காத்த நசுக்குற சூட்டுலதான் டீசல் பத்தணும், அதனால கம்ப்ரஷன் விழுந்தா காலைல ஸ்டார்ட்டிங் முதல்ல போகும். இந்த மாதிரி எஞ்சின் நல்லா இருந்தா 400 பிஎஸ்ஐ பக்கமோ மேலயோ காட்டும், 300-க்குக் கீழ போயிருச்சுன்னா பிரிக்கத்தான் வேணும், ஆனா உங்க மாடல் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. அப்புறம் ஒரு டீஸ்பூன் ஆயில் உள்ள விட்டு திரும்பப் பாருங்க, ஏறுச்சுன்னா ரிங், போர் தேய்மானம், ஏறலன்னா வால்வோ ஹெட் பேக்கிங்கோ. ஒரு ஸ்பூனுக்கு மேல விட்றாதீங்க, டீசல்ல பிஸ்டனுக்கு மேல இருக்குற இடம் ரொம்பக் கொஞ்சம், ஆயில் நிறைஞ்சு போச்சுன்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

பிரிக்கிறத பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ராடு, ராடு கேப், மெயின் கேப், பிஸ்டன், புஷ் ராடு எல்லாத்துக்கும் நம்பர் போட்டு, எந்தப் பக்கம் முன்னாடி பார்த்துச்சுன்னு குறிச்சு வைங்க. டீசல் தள்ளுற இஞ்செக்ஷன் பம்புக்கு அடில மெல்லிசா ஷிம் தகடு இருக்கும், பல எஞ்சின்ல டீசல் எப்ப பீச்சணும்ங்கிற டைமிங்க முடிவு பண்றதே அதுதான், எத்தன இருந்துச்சோ அத்தனையும் ஒரு கவர்ல போட்டு பம்போடவே கட்டி வைங்க.

இப்ப ரிங் விசயத்துக்கு வர்றேன். போர் ஒரே சீரா தேயாது தம்பி. மேல் ரிங் உச்சில எந்த இடத்துல நின்னு திரும்புதோ அங்கதான் தேய்மானம் அதிகம், ஏன்னா சூடும் பிரஷரும் அங்க ஜாஸ்தி, ஆயில் பிலிம் கம்மி. அடில கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கும். அதனால போர் கேஜ் வச்சு மேல, நடுவுல, கீழ, மூணு இடத்துலயும் கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் அளக்கணும். என்னோடது 75 மில்லிமீட்டர் போர், மேல குறுக்குல 0.2 தேஞ்சிருந்துச்சு. 0.2 தானேன்னு தோணும். விட்டம் 0.2 கூடினா சுற்றளவு 0.63 கூடும், அந்த 0.63-ம் அப்படியே ரிங் வாய்ல, அதாவது ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள இடைவெளில, சேந்துரும். 0.3 இருக்க வேண்டிய இடைவெளி மேல வரும்போது 0.9-க்கு மேல போயிருது, கீழ போகும்போது திரும்ப சுருங்குது, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரிங் விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கியே பிஸ்டன் காடில லூஸ் ஆயிரும். அது போக போர் உச்சில தேயாத விளிம்பு ஒண்ணு நிக்கும், பழைய ரிங் தேஞ்சு அதுக்குப் பழகியிருக்கும், புது ரிங் கூர் முனையோட போய் அதுல இடிக்கும். நான் முதல்ல போட்ட செட்டுல ஒரு மேல் ரிங் உடைஞ்சே கிடந்துச்சு. அதனால தம்பி, அளந்து பார்த்து தேய்மானம் மேனுவல் லிமிட்டுக்குள்ள இருந்தா மட்டும் ரிங் போடுங்க, தாண்டிருச்சுன்னா ரீபோர் பண்ணி (போர பெருசாக் கடைஞ்சு) ஓவர்சைஸ் பிஸ்டன், லைனர் (தனியா மாத்துற உள் குழாய்) போட்ட எஞ்சினா இருந்தா லைனர். பிஸ்டன முதல்ல வாங்கி கைல வச்சுக்கிட்டு, அத அளந்து பார்த்து அதுக்கு ஏத்த மாதிரி போர் போடச் சொல்லுங்க.

போர் போட்டு ஹோனிங் (கல்லு வச்சு போர்ல மெல்லிசா கீறல் போடுறது) முடிஞ்சு வந்த பிளாக்க நிறைய பேர் மண்ணெண்ணெய்ல கழுவி மாட்டிடுறாங்க, அது பத்தாது. ஹோனிங் பொடி ஆயில்லயும் மண்ணெண்ணெய்லயும் சரியா போகாது, சுடுதண்ணியும் சோப்பும் போட்டு பிரஷ்ல தேய்க்கணும், வெள்ளைத் துணில ஆயில் தொட்டு போர்ல துடைச்சா சாம்பல் கலர் ஒட்டவே கூடாது. நான் அஞ்சு தடவ கழுவினேன். காய வச்ச கையோட ஆயில் தடவிருங்க, இல்லன்னா கண்ணு முன்னாடியே துரு ஏறும். கிராங்க் ஆயில் ஓட்டைலயும் பிரஷ் விட்டு எடுங்க, பழைய சகதி அங்கதான் உக்காந்திருக்கும்.

கிராங்க் ஜர்னல (பேரிங் உக்கார்ற இடத்த) மைக்ரோமீட்டர்ல அளந்து, பேரிங் போடும்போது பிளாஸ்டிகேஜ் (நசுங்குற அகலத்த வச்சு இடைவெளி சொல்ற மெல்லிசு பிளாஸ்டிக் இழை) வச்சு கேப் டைட் பண்ணி திரும்பக் கழட்டிப் பாருங்க, சும்மா கையால ஆட்டிப் பார்த்து ஓகே சொல்ற வேலை வேணாம்.

ஹெட்டு நேரா இருக்கான்னு ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வச்சுப் பாருங்க, மேனுவல் லிமிட்டுக்கு மேல உள்ள கேஜ் உள்ள போச்சுன்னா பட்டறைல பேஸ் பண்ணி மட்டமாக்கணும். பேஸ் பண்ணினா பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளிய கட்டாயம் பார்க்கணும். ஒன்றரை மில்லி சால்டர் கம்பிய சின்னச் சின்னதா வெட்டி கிரீஸ் தொட்டு பிஸ்டன் மேல மூணு இடத்துல ஒட்டி, பேக்கிங் வச்சு ஹெட்ட முழு டார்க்ல டைட் பண்ணி, எஞ்சின கையால மெதுவா ஒரு சுத்து சுத்தி, திரும்பக் கழட்டி நசுங்கின கம்பிய அளக்கணும். எனக்கு அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு, மேனுவல் கணக்குக்குள்ளதான். கம்மியா இருந்தா கனமான பேக்கிங் தேடணும், ஜாஸ்தியா இருந்தா இவ்ளோ வேலையும் செஞ்சு கம்ப்ரஷன் வராது.

கடைசியா பம்பு மாட்டுறது. இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. பம்பு ராக்குல (டீசல் அளவ கூட்டிக் குறைக்கிற கம்பி) ஒரு சின்ன பின் இருக்கும், அது வேகத்தக் கட்டுப்படுத்துற கவர்னர் லிவரோட காடிக்குள்ள போய் உக்காரணும். வெளிய விட்டுட்டு போல்ட்டு போட்டாலும் பம்பு அழகா உக்காந்த மாதிரியே தெரியும். ஆனா ஸ்டார்ட் ஆன உடனே ராக்கு ஃபுல் டீசல்ல போய் நின்னுரும், கவர்னரால பிடிக்க முடியாது, ஸ்டாப் லிவர இழுத்தாலும் நிக்காது, எஞ்சின் கத்திக்கிட்டே ஏறும். அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பக்கத்து மூடிய கழட்டி டார்ச் அடிச்சு பின் காடில இருக்கான்னு பாருங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஹோஸ மாட்டாம, இன்டேக் வாய முழுசா மூடுற அளவு தட்டையான பலகை ஒண்ணு கைல வச்சிருங்க. காத்த அடைச்சா எந்த டீசலும் நிக்கும். கையால, துணியால அடைக்கப் போகாதீங்க, உள்ள இழுத்துரும். அதே மாதிரி நாசில் ஸ்ப்ரேக்கு முன்னாடி விரல் காட்டாதீங்க, தோலுக்குள்ளயே ஏறிரும், ஏறினா உடனே ஆஸ்பத்திரிதான்.

ஸ்டாப்ப இழுத்து வச்சுக்கிட்டு ஆயில் லைட் அணையுற வரைக்கும் செல்ஃப் அடிச்சு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. புது எஞ்சின்னு ஐடில்ல போட்டு மணிக்கணக்கா ஓட விடாதீங்க, லோடு இல்லாம ஓடினா ரிங் போர்ல உக்காராது, போர் பாலிஷ் ஆகி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிரும். சூடானதும் மிதமான லோடு, ஆர்பிஎம் ஏத்தி இறக்கி ஓட்டுங்க. 20, 25 மணி நேரத்துல முதல் ஆயில் மாத்திருங்க.

என்னோடது ரெண்டாவது வேலைக்கு அப்புறம் இந்தக் குளிர்லயும் முதல் செல்ஃப்லயே பிடிக்குது. அந்த சத்தம் கேக்கும்போது மனசு நிறைஞ்சு போகுது.

தம்பி, கம்ப்ரஷன் மூணு சிலிண்டருக்கும் தனித்தனியா எவ்ளோன்னு, ஆயில் விட்டதுக்கு அப்புறம் எவ்ளோன்னு எழுதுங்க. ஹோஸுக்குள்ள மண்ணு இருந்துச்சான்னும் மறக்காம சொல்லுங்க. அத வச்சு பிரிக்கணுமா வேணாமான்னு பேசிக்கலாம்.