லேண்ட்ஸ் எண்டில் இருந்து ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை சைக்கிளில்: 12 நாள் போதுமா?

காலைச்சவாரி:
வணக்கம். வேலைக்காக பர்மிங்காம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நண்பரின் அப்பாவைக் கடைசி நாட்களில் அருமையாகப் பார்த்துக்கொண்ட ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு நிதி திரட்ட, ஜூனில் மூன்று பேர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருந்து ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனை வரை ஓட்டப் போகிறோம். சாலை வழி 1,400 கி.மீ., பெரிய சாலைகளைத் தவிர்த்துச் சுற்றினால் 1,550 வருகிறது. நாளுக்கு 130 என்று பிரித்து அறைகள் பதிவு செய்யலாமா? வார இறுதிகளில் 80 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டுகிறோம். அப்புறம், எங்கள் செலவை நன்கொடையில் இருந்து எடுக்கலாமா?

ஒற்றைப்பெடல்:
அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். நானும் இப்படிச் சமமாகப் பிரித்துத்தான் போனேன், மூன்றாம் நாளே முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. பெரிய மலை இருப்பது ஸ்காட்லாந்தில்தான், ஆனால் காலைப் பதம் பார்ப்பது தொடக்கத்தில் வரும் தென்மேற்கு மாவட்டங்களான கார்ன்வாலும் டெவனும்தான்; செங்குத்தாக ஏறி இறங்கி உடனே மறுபடி ஏறுகிற சின்னச் சின்ன மேடுகள், நாள் முழுக்க. முதல் மூன்று நாள் 90-க்கு மேல் வேண்டாம். பிரிஸ்டல் தாண்டிச் சமதளம் வரும்போது கூடுதலாக ஓட்டிக்கொள்ளலாம். 12 நாள் இறுக்கம்தான், 14 கேட்டுப் பாருங்கள். தெற்கில் இருந்து வடக்கே போவது நல்ல முடிவு, காற்று பெரும்பாலும் தென்மேற்கில் இருந்துதான் வீசும். ஏ30 நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், லாரிகள் உரசிக்கொண்டு போகும்.

வடக்குவாசி:
செலவு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: கைக்காசு போடுங்கள், அதை நன்கொடைப் பக்கத்திலேயே முதல் வரியாக எழுதுங்கள். கொடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய நம்பிக்கை. இங்கே வரி கட்டுபவர்களிடம் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தை டிக் செய்யச் சொல்லுங்கள், அவர்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடம் இருந்து 25 பென்ஸ் இல்லத்துக்குச் சேரும். ஊரில் இருந்து அனுப்பும் சொந்தக்காரர்கள் இங்கே வரி கட்டாததால் அவர்களுக்கு இது பொருந்தாது.

வட ஸ்காட்லாந்தில் லேர்க் ஊரைத் தாண்டி பெட்டிஹில் ஊர் வரை 70 கி.மீ.க்கு மேல் கடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாடு, இரண்டு உபரி டியூப், பம்ப் கையில் இருக்கட்டும். சாலை ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். ஜூனில் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி மொய்க்கும், தலைக்கு வலை வாங்குங்கள்.

காலைச்சவாரி:
மிக்க நன்றி. 14 நாள் லீவு கேட்டுவிட்டேன், செலவு எங்களுடையது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். திரும்பி வர ரயில் எப்படி?

வடக்குவாசி:
ஜான் ஓ'க்ரோட்ஸில் ஸ்டேஷன் கிடையாது. ஸ்டேஷன் இருக்கும் விக் ஊர் வரை இன்னும் 27 கி.மீ. மிதிக்க வேண்டும். அந்த ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு, மூன்று சைக்கிள் என்றால் அறை பதிவு செய்வதற்கு முன்னால் அதைப் பதிவு செய்யுங்கள்.