டொயோட்டா 86க்கு 2 வருஷ வொரண்டி: 240,000 கட்டலாமா?

கல்லடிப் பாலத்தடி:
மட்டக்களப்பில ஒரு டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வச்சிருக்கன். 2013இல ஜப்பானில செஞ்சது, 6 கியர் மனுவல், மீற்றர் 78,000 காட்டுது. காரோட தங்கட வொரண்டியையும் சேர்த்து எடுங்க எண்டு விக்கிற ஆள் நிக்கிறார். விலை 240,000 ரூபா. 2 வருஷம் அல்லது 20,000 கிலோமீற்றர், எது முந்துதோ அது. எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல் மூண்டும் அடங்குமாம். ஒரு தடவைக்கு ஆகக்கூடினது 400,000, அதில 10 சதவீதம் நம்மட பங்கு. வேலை கொழும்பில அவங்க சொல்ற கராஜில மட்டும்தான். ஓட்டம் பெரிசா இல்ல, கிழமையில ரெண்டு மூண்டு நாள் களுவாஞ்சிக்குடிக்குப் போய் வாறதுதான். இடைக்கிடை கலியாண ஓட்டத்துக்கும் குடுக்கலாம் எண்டு நினைப்பு. கட்டலாமா, விடலாமா?

வாவிக்கரை:
தம்பி, உங்கட கடைசி வரியில இருந்து தொடங்குவம். கலியாண ஓட்டத்துக்குக் காசு வாங்கினா அது வாடகைப் பாவனை. இந்த மாதிரிப் பத்திரங்களில வாடகை, போட்டி ஓட்டம், மாத்தின சைலன்சர், ஈசியூ (எஞ்சினின்ட கொம்பியூட்டர்) ட்யூனிங் எல்லாம் விலக்குப் பட்டியலில இருக்கும். மாலை கட்டின காரின்ட ஒரு படம் முகப்புத்தகத்தில கிடந்தாலே கோரிக்கையைத் தள்ளக் காரணம் கிடைச்சிரும். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸுக்கும் இதே கதைதான். அதால ஓட்டத்துக்குக் குடுக்கிற எண்ணம் இருந்தா வொரண்டியை மறந்திருங்க.

குடுக்கிறல்ல எண்டா கணக்கைப் பாருங்க. முழுத் தொகைக்கு ஒரு பழுது வந்து 400,000 ஒத்துக்கொண்டாலும் 40,000 உங்கட பங்கு. மிச்சம் 360,000. கட்டின 240,000ஐக் கழிச்சா லாபம் 120,000. அதுக்குள்ளதான் இங்க இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல காரைக் கொண்டு போற கூலியும் வரவேணும். நிலத்தோட ஒட்டின இந்தக் காரை அவ்வளவு தூரம் கயிறு கட்டி இழுக்க ஏலாது, மேல ஏத்திப் போற கரியர்தான் பிடிக்கவேணும். ஒரு பெரிய பழுதுக்கு லாபம் அவ்வளவுதான். சின்னப் பழுது எண்டா நட்டம்.

இந்த வயசுக் காரில கூடுதலாத் தேயிறது கிளச், ரிலீஸ் பேரிங், ஷொக், புஷ், பிரேக். இதில ஒண்டும் உங்கட மூண்டுக்குள்ள வராது.

அக்கரைப்பற்று நானா:
வொரண்டியை விட முக்கியமான கேள்வி ஒண்டு இருக்கு. 2012, 2013இல செஞ்ச 86களுக்கு வால்வ் ஸ்பிரிங் உடையிற குறைக்காக 2018 நவம்பரில டொயோட்டா ரீகோல் அறிவிச்சது, அதாவது காரைத் திருப்பிக் கூப்பிட்டுத் தாங்களே திருத்திக் குடுக்கிறது. ஸ்பிரிங் உடைஞ்சா எஞ்சின் சத்தம் போட்டு ஓட்டத்திலயே நிண்டிரும், மறுகா ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். ஜப்பான் டொயோட்டாவின்ட ரீகோல் தேடல் பக்கத்தில சேசிஸ் இலக்கத்தைப் போடுங்க, இசட்என்6 எண்டு தொடங்கும். செஞ்சதா இல்லையா எண்டு காட்டும்.

செய்யல்ல எண்டா, "உற்பத்திக் குறை எங்கட பொறுப்பில்ல" எண்ட ஒரு வரியில வொரண்டிக்காரர் தப்பிருவார். செஞ்சிருந்தாலும் நிம்மதியா இருக்க ஏலாது. அந்த வேலைக்கு எஞ்சினை வெளியில இறக்கி, முன்மூடியைக் கழட்டி, 16 ஸ்பிரிங்கையும் மாத்தவேணும். திரும்பப் பூட்டக்க சீலன்ட் (மூடியை ஒட்டுற பசை) கூடிப்போய், பிஞ்ச துண்டு ஒயில் உறிஞ்சிற வலையை அடைச்சு பேரிங் போன கேஸ்கள் அமெரிக்காவில நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. வாங்க முதல் எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற கீழ்ச் சம்பைக் கழட்டி அந்த வலையைப் பார்க்கச் சொல்லுங்க. பழைய ஒயில் ஃபில்டரை வெட்டி விரிச்சா உலோகத் தூளும் சீலன்ட் துணுக்கும் கண்ணுக்குத் தெரியும். சம்பைத் திரும்ப ஒட்டினா சீலன்ட் காயிற நேரம் குடுக்கவேணும், அவசரப்பட்டு ஒயில் ஊத்திராதீங்க. ஃபில்டரோட 5.4 லீற்றர் பிடிக்கும், ஒயில் ரகம் 0டபிள்யூ-20.

பெற்றோல் ஒக்டேன் 95க்குக் கீழ அடிக்காதீங்க. கொம்பிரஷன் 12.5க்கு 1. 92 அடிச்சா நொக் (பெற்றோல் கண்டபடி எரிஞ்சு எஞ்சினுக்குள்ள தட்டுறது) வரும், ஈசியூ தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், காரின்ட இழுவை செத்திரும். பிஸ்டன் அடி வாங்கினா வொரண்டிக்காரர் முதல்ல கேக்கிறதே என்ன பெற்றோல் எண்டுதான். பில்லைச் சேர்த்து வைங்க.

கல்லடிப் பாலத்தடி:
தேடிப் பார்த்தன், ரீகோல் செய்யல்ல எண்டு காட்டுது. பத்திரத்தில "பழுதின் காரணத்தைக் கண்டறியும் செலவு உரிமையாளருடையது" எண்டும் ஒரு வரி கிடக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?

வாவிக்கரை:
எஞ்சினை இறக்கிப் பிரிக்கிற கூலி உங்கட தலையில எண்டு அர்த்தம். பிரிச்ச பிறகு "இது தேய்மானம்" எண்டு அவங்க முடிவு சொன்னா, பிரிச்ச கூலி, திரும்பப் பூட்டுற கூலி, கரியர் கூலி மூண்டும் உங்கட பொக்கெற்றில இருந்துதான் போகும். அதோட "முன் அனுமதி" எண்ட சொல் எங்க இருக்கு எண்டு தேடுங்க. அனுமதி வாறதுக்கு முதல் இங்க ஒரு மெக்கானிக் வால்வ் மூடியைத் திறந்தாலே கோரிக்கை செல்லாமப் போகலாம்.

ஆர் காசு குடுக்கப் போறாங்க எண்டதையும் பாருங்க. பத்திரத்துக்குப் பின்னால இன்சூரன்ஸ் கம்பனி ஒண்டு இருந்தா, அது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ட பட்டியலில இருக்கவேணும். விக்கிற ஆளின்ட கடிதத் தலைப்பு மட்டும்தான் எண்டா, அவர் கடையை மூடுற அண்டைக்கு வொரண்டியும் முடிஞ்சிரும். எழுத்தில குடுத்த உத்தரவாதத்தை மறுத்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட தொலைபேசி இலக்கத்தில முறையிடலாம். ஆனா விலக்குப் பட்டியலில கையெழுத்து வச்ச பிறகு முறைப்பாட்டில பலம் இருக்காது.

அக்கரைப்பற்று நானா:
ரீகோல் செய்யல்ல எண்டா பேரம் பேச நல்ல இடம் கிடைச்சிருக்கு. அந்த 240,000 எனக்கு வேணாம், ஸ்பிரிங் வேலையைக் கணக்கில எடுத்து காரின்ட விலையைக் குறைங்க எண்டு கேளுங்க. நாலு சிலிண்டரிலயும் லீக்டவுன் (காத்தை ஏத்தி எவ்வளவு கசியுது எண்டு பார்க்கிறது) பார்த்து எழுதி வாங்குங்க. ஒரு சிலிண்டர் மட்டும் மத்த மூண்டையும் விட நல்லாக் கூடக் கசிஞ்சா காரை விட்டிருங்க.

இன்னொண்டு, கார்த்திகை மார்கழி வெள்ளம். இந்தக் காருக்கும் ரோட்டுக்கும் இடையில 13 சென்ரிமீற்றர்தான். எஞ்சின் தண்ணியை உறிஞ்சி உள்ள பிஸ்டனைத் தாங்கிற கனெக்டிங் ரொட் வளைஞ்சா எந்த வொரண்டியும் தராது. அது இன்சூரன்ஸ் பக்கம், அதுவும் வெள்ளத்தைச் சேர்த்து எடுத்திருந்தாத்தான்.

கல்லடிப் பாலத்தடி:
சரி நானா, வொரண்டி வேணாம் எண்டு சொல்லிப்போட்டு விலையைப் பேசுறன். நேத்து ஸ்டார்ட் பண்ணக்க சிள்வண்டு கத்துற மாதிரி ஒரு சத்தம். அதுதான் ஸ்பிரிங்கா?

அக்கரைப்பற்று நானா:
இல்ல. ஐட்லில கீச்சுக்கீச்செண்டு கேட்டா அது உயர் அழுத்தப் பெற்றோல் பம்ப். இந்த எஞ்சினுக்கு அது பிறவிக் குணம், அதைக் காட்டி ஆரும் காசு கேட்டாக் குடுக்காதீங்க. டொக் டொக்கெண்டு கனமான சத்தம், அக்சிலேற்றரோட சேர்ந்து கூடுது எண்டா அந்த இடத்திலயே நிப்பாட்டுங்க. ஒயில் லைட் எரியிதா எண்டு பார்க்கவும் திரும்ப ஸ்டார்ட் பண்ண வேணாம்.