முதல்முறை ராமேஸ்வரம் போனபோது எங்கே சாப்பிட்டோம்: எங்கள் அனுபவமும் உங்கள் அனுபவமும்

போன மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஈரோட்டிலிருந்து முதல்முறையாக ராமேஸ்வரம் போனோம். மொத்தம் மூன்று நாள். கோயிலைப் பற்றி நிறைய விசாரித்து வைத்திருந்தேன், சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கவே இல்லை. அதனால் என்ன ஆனது, பிறகு எப்படிச் சரியானது என்று எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

தீர்த்தமாடி முடிக்கும்வரை கவிச்சி கூடாது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களும் ஆடி முடித்தபோது அம்மாவுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. சூடாக ஏதாவது வேண்டும். ரத வீதியில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வடநாட்டு யாத்திரிகர்களுக்காக இந்திப் பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகளும் நிறைய உண்டு. எதற்குள் நுழைவது என்று தெரியவில்லை. எங்களுக்கு வாளியில் தண்ணீர் இறைத்து ஊற்றியவரிடமே, "நீங்க காலையில எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். ஒரு சந்துப் பக்கம் கைகாட்டினார். பெயர்ப்பலகை இல்லாத கடை, நான்கு பெஞ்சு. அவரைப் போல ஈர வேட்டியோடு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இட்லி ஆவி பறக்க வந்தது. அம்மா ஆறு இட்லி சாப்பிட்டார். வீட்டில் மூன்றுக்கு மேல் தொட மாட்டார்.

இவ்வளவு நல்ல பாடம் காலையிலேயே கிடைத்தும், மதியம் அதை மறந்துவிட்டேன். ஆட்டோக்காரர் கூட்டிப்போய் நிறுத்திய பெரிய ஹோட்டலில், கடற்கரைக்கு வந்திருக்கிறோமே என்று வஞ்சிர வறுவலும் இறாலும் சொன்னோம். மேலே சிவப்பு மசாலா, உள்ளே சக்கை. வாயில் வைத்ததுமே பழைய மீன் என்று தெரிந்தது. சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டாள். கட்டிய பணத்தைவிட, பிள்ளைகள் 'கடல் மீன் இப்படித்தான் இருக்கும்போல' என்று நினைத்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

மறுநாள் புதிய ரயில் பாலத்தைப் பார்க்கப் பாம்பன் போனோம். 2025 ஏப்ரலில் திறந்தது. நடுவில் ஒரு பகுதி அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நின்றன. சிலவற்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாவிடம் பேச்சு கொடுத்தேன். முதல் நாள் கதையைச் சொன்னதும் அவர், "தம்பி, இது தடைக்காலம். பெரிய போட்டு எல்லாம் கரையில நிக்குது பாருங்க. அப்புறம் வஞ்சிரம் எங்கருந்து வரும்? ஐஸ் பெட்டியிலதான் வரும்" என்றார்.

எனக்கு அதுவரை இது தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கான காலம். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை அப்படியே அதற்குள் வந்துவிடுகிறது. கேரளப் பக்கம் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால், மே மாதம் அங்கிருந்து லாரியில் மீன் இங்கே வருகிறது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அவர்கள் கரைக்கு அருகிலேயே பிடித்துவரும் சின்ன மீன்தான் அந்த நாட்களில் உண்மையான உள்ளூர் மீன்.

அந்த அம்மா சொன்ன இன்னொன்றையும் அப்படியே எழுதுகிறேன்: "கடைக்குள்ள போனதும் இன்னைக்கு என்ன மீன் வந்துச்சுன்னு கேளுங்க. வஞ்சிரம் இருக்கா, இறால் இருக்கான்னு நீங்களே பேரைச் சொன்னா, இருக்குன்னுதான் சொல்லுவாங்க. மசாலா தடவுறதுக்கு முன்னாடி மீனைக் காட்டச் சொல்லுங்க."

அவர் கைகாட்டிய தகரக் கொட்டகையில், கணவன் மனைவி இருவருமே சமைத்துப் பரிமாறினார்கள். மதியம் மட்டும்தான் கடை. என்ன மீன் என்று கேட்டேன். "நகரையும் காரலும்தான் சார் இருக்கு, வேற இல்லை" என்றார் கணவர். 'வேறு இல்லை' என்று சொன்னபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். நகரை இளஞ்சிவப்பாக, கண் தெளிவாக, செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. காரலைப் புளி கரைத்துக் குழம்பு வைத்திருந்தார்கள். முள் அதிகம்தான், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் முதல் நாள் தட்டைத் தள்ளிய அதே சின்னவள் நான்கு நகரை சாப்பிட்டாள்.

தனுஷ்கோடியிலும் இதே மாதிரிதான் செய்தோம். சாலையோரக் கொட்டகைகளில் முழு மீனை எடுத்துக் காட்டிய கடையில் உட்கார்ந்தோம், விலையை முதலிலேயே பேசிக்கொண்டோம். அங்கே மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் போவதே சரி.

உள்ளூர்க்காரர்கள் யாராவது இருந்தால், தடைக்காலம் இல்லாதபோது எப்படி என்று சொல்லுங்கள்.

*

நான் தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கிற ஊர். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அண்ணன் எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியம் கடைகளில் மீன் தாராளமாக இருக்கும். நண்டு, கணவாய், பாறை எல்லாம் சாப்பிட ஆசைப்பட்டால் அந்த நாட்களில் வாருங்கள். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீனைக் கேளுங்கள். விளமீன், முரல், சூடை இருக்கும். சூடை மலிவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டில் சூடைக் குழம்பு என்றால் இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சோறு வடிக்க வேண்டும். மறுநாள் காலையில் பழைய சோற்றோடு இன்னும் நன்றாக இருக்கும்.

நண்டு கேட்டால் கிலோ கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள், கனமாக இருந்தால்தான் சதை இருக்கும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். காற்று அடித்தால் மீன்துறையில் கடலுக்குப் போவதற்கான டோக்கன் கொடுக்க மாட்டார்கள், படகு போகாது. எங்கள் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டால் வேலைநிறுத்தம் நடக்கும். அப்போது நாள் கணக்கில் மீன் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு கடைக்காரர் "இன்னைக்கு மீன் இல்லை, சாம்பார்தான்" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறார். அடுத்த முறை வரும்போதும் அந்தக் கடைக்கே போங்கள்.

*

கீழக்கரையைப் பற்றி யாரும் எழுதவில்லையே! ராமேஸ்வரம் வருகிறவர்கள் ராமநாதபுரத்திலிருந்து நேரே கிழக்கே போய்விடுகிறார்கள். தெற்கே 17 கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற வள்ளல் வாழ்ந்த ஊர்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊரின் நல்ல சாப்பாடு கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கல்யாணத்தில் சஹன் என்கிற பெரிய தட்டு வைத்து நான்கைந்து பேர் அதே தட்டில் நெய்ச்சோறும் கறியும் சாப்பிடுவதை எந்த ஹோட்டலும் தர முடியாது. வெளியூர்க்காரர்கள் என்ன செய்யலாம்? எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் காலையில் இடியாப்பம் அவித்துக் கொடுக்கிறார்கள். முதல் நாள் சாயங்காலமே சொல்லி வைக்க வேண்டும். இப்படி ஊருக்குள் பல வீடுகள் உண்டு. பலகை எதுவும் இருக்காது. மளிகைக் கடையில் நிற்கிற யாராவது ஒரு காக்காவிடம் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), "இடியாப்பம் எந்த வீட்டுல கிடைக்கும்?" என்று கேளுங்கள், கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார். சென்ற வருடம் மதுரையிலிருந்து வந்த என் நண்பனை அப்படித்தான் ஒரு பெரியவர் அழைத்து வந்தார். எனக்கு அவரைத் தெரியவே தெரியாது.

நோன்பு மாதத்தில் பகலில் வராதீர்கள், பல கடைகள் அடைத்திருக்கும். சாயங்காலம் வந்தால் கஞ்சியும் வடையும், பாசியைக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி இனிப்பும் கிடைக்கும். கடல்பாசி காய்ச்சுவதற்கான பாசியைப் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் முழுகிப் பறித்து வருகிறார்கள் என்பது சாப்பிடுகிற பலருக்குத் தெரியாது.

போகும்போது தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. எண்ணெய் பிரிந்து வரும்வரை கை ஓயக் கூடாது. துண்டு போட்டதைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பல்லில் ஒட்டினால் கிண்டியது போதவில்லை.

*

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல மீன்குழம்புக் கடை என்றால் அந்தக் குண்டு வத்தலை அரைத்துத்தான் போடுவார்கள். பளீரென்ற சிவப்பாக இருக்காது, கொஞ்சம் கறுத்த சிவப்பு. காரம் நாக்கில் நிற்காமல் மெதுவாகத் தொண்டைக்கு இறங்கும். வறுவல் பளீர்ச் சிவப்பில் மின்னினால் நான் அந்தக் கடையிலிருந்து எழுந்துவிடுவேன்.

*

முதலில் எழுதிய ஈரோட்டுக்காரன்தான். எல்லோருக்கும் நன்றி. காலாண்டு விடுமுறையில் மறுபடி போகிறோம், அம்மாவும் வருகிறார். தங்கச்சிமடம் அக்கா சொன்ன கணக்குப்படி திங்கள் இரவு ரயில் ஏறிச் செவ்வாய் காலை இறங்கப் போகிறோம். வரும் வழியில் கீழக்கரையில் ஒரு காலை. இந்த முறையும் அதே தகரக் கொட்டகைக்குத்தான் போவோம். எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும் அக்கா?

*

பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள் அண்ணே. ஒன்றரைக்கு மேல் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. அம்மாவுக்கு முள் எடுக்கச் சிரமம் என்றால் கணவாய் இருக்கிறதா என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அநேகமாக இருக்கும்.