ஒரே பி.டி.எஃப். கோப்பில் போர்ட்ரெய்ட் (நிமிர்ந்த), லேண்ட்ஸ்கேப் (படுத்த) பக்கங்களைக் கலப்பது எப்படி?

கேள்வி

எச்.டி.எம்.எல். வடிவில் உருவாகும் ஓர் அறிக்கையை ஏ4 அளவில் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி வருகிறேன். மொத்தம் 14 பக்கங்கள். ஏழாம் பக்கத்தில் வரும் 16 நெடுவரிசை அட்டவணை மட்டும் அகலத்தில் அடங்காமல், அதன் கடைசி மூன்று நெடுவரிசைகள் வலது ஓரத்தில் வெட்டுப்படுகின்றன. எழுத்தளவை 6 புள்ளிக்குக் குறைத்தால் அடங்குகிறது. ஆனால் படிக்க முடியவில்லை. மாற்றுக் கருவியில் லேண்ட்ஸ்கேப் எனக் கொடுத்தால் 14 பக்கங்களுமே படுத்துவிடுகின்றன. பக்கத் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் டிரான்ஸ்ஃபார்ம் பண்பைக் கொண்டு அட்டவணையை 90 பாகை சுழற்றியும் பார்த்தேன். அட்டவணை திரும்பியது, அதற்கென ஒதுக்கப்பட்ட இடம் திரும்பவில்லை. கீழே இருந்த பத்தியின் மேல் ஏறி நின்றது. சர்வரில் பப்பெட்டியர் (குரோம் உலாவியை நிரல்வழி இயக்குவது), டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் ஆகிய இரண்டு மாற்றுக் கருவிகளும் உள்ளன. அந்த ஒரு பக்கத்தை மட்டும் லேண்ட்ஸ்கேப்பாக அமைக்க வழியுண்டா?

பதில் 1

வழியுண்டு. திசை என்பது தாளின் பண்பு, அட்டவணையின் பண்பன்று. ஆகவே அட்டவணையைச் சுழற்றாமல், அது விழும் தாளுக்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயருள்ள தாளை மட்டும் லேண்ட்ஸ்கேப்பாக அறிவிக்க வேண்டும். சி.எஸ்.எஸ். பேஜ்டு மீடியா வரையறையில் இதற்குப் பெயரிட்ட பக்கங்கள் என்றே ஒரு பகுதி இருக்கிறது. தாளின் அமைப்பைச் சொல்லும் அட்-பேஜ் விதியை எழுதும்போது அதை ஒட்டி 'அகலம்' போன்ற ஒரு பெயரைக் கொடுத்து, அதனுள் சைஸ் என்பதற்கு 'ஏ4 லேண்ட்ஸ்கேப்' என்ற மதிப்பைத் தாருங்கள். பிறகு அட்டவணையைச் சுற்றியுள்ள டிவ் என்னும் பெட்டி உறுப்புக்கு, பேஜ் என்னும் பண்பின் மதிப்பாக அதே பெயரைக் கொடுத்தால் போதும். பெயர் மாறும் இடத்தில் பக்கம் தானாகவே முறியும். அட்டவணை முடிந்து பழைய உரை தொடங்கும்போது போர்ட்ரெய்ட் தாள் தானாகத் திரும்பும். குரோம் 85-ஆம் பதிப்பிலிருந்தும் ஃபயர்ஃபாக்ஸ் 110-ஆம் பதிப்பிலிருந்தும் இந்தப் பண்பு உண்டு. வீஸிபிரிண்ட், பிரின்ஸ் ஆகிய பி.டி.எஃப். மாற்றுக் கருவிகளும் இதை ஏற்கின்றன.

பப்பெட்டியரில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பி.டி.எஃப். எடுக்கும் கட்டளையில் 'பிரிஃபர் சி.எஸ்.எஸ். பேஜ் சைஸ்' என்ற தேர்வு இயல்பில் அணைந்தே இருக்கும். அதை இயக்காவிட்டால் நீங்கள் எழுதிய சைஸ் மதிப்புக்குப் பதிலாகக் கட்டளையில் கொடுத்த தாளளவே எல்லாப் பக்கங்களுக்கும் ஆகும். மேலும், பேஜ் பண்பை இயல்பான ஓட்டத்தில் உள்ள பிளாக் (தனி வரியில் தொடங்கும்) உறுப்புக்கே கொடுங்கள். ஃப்ளோட் ஆன (ஓரமாக ஒதுக்கப்பட்ட) உறுப்புக்கோ இன்லைன்-பிளாக் (வரிக்குள்ளேயே அமையும்) உறுப்புக்கோ கொடுத்தால், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் அது வீணாகிவிடும்.

பதில் 2

டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் கருவியில் இந்த வழி பலிக்காது. அது சார்ந்திருக்கும் பழைய வெப்கிட் உலாவிப் பொறி பெயரிட்ட பக்கங்களை அறியாது. அதன் திசைத் தேர்வும் கோப்பு முழுமைக்குமானது. அதன் மூலநிரல் களஞ்சியமும் 2023 ஜனவரியில் காப்பகமாக்கப்பட்டுவிட்டது. அதிலேயே இருந்தாக வேண்டுமென்றால், அறிக்கையை முன்பகுதி, அட்டவணை, பின்பகுதி என மூன்று கோப்புகளாக எடுத்து, பி.டி.எஃப். கோப்புகளை இணைக்கும் கியூபிடிஎஃப் கொண்டு ஒன்றாகத் தைக்கலாம். அட்டவணைத் துண்டை எடுக்கும்போது, பக்க எண்ணின் தொடக்கத்தைத் தள்ளிவைக்கும் பேஜ்-ஆஃப்செட் தேர்வில் 6 எனக் கொடுத்தால் அட்டவணைப் பக்கம் 7 என்ற எண்ணைப் பெறும். ஆனால் '14-இல் 7' என்று அச்சிடுபவராக இருந்தால், ஒவ்வொரு துண்டும் தன் மொத்தத்தை மட்டுமே அறியும் என்பதால் அந்த 14 தவறாகத்தான் வரும். நான் இரண்டு ஆண்டுகள் இப்படித் தைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்

பப்பெட்டியரில் அந்தத் தேர்வை இயக்கியதும் அட்டவணை லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் முழுமையாக அமைந்தது. நன்றி. ஆனால் அதை அடுத்து ஒரு வெற்று போர்ட்ரெய்ட் பக்கம் முளைத்துள்ளது. அட்டவணைக்குப் பின் பக்கத்தை முறிப்பதற்கென்று முன்பே ஒரு காலி டிவ் வைத்திருந்தேன், அதுதான் காரணமா?

பதில் 1 எழுதியவர்

அதுவேதான். அந்தக் காலி டிவ் உறுப்புக்கு நீங்கள் தாளின் பெயர் எதையும் தரவில்லை. ஆகவே அது லேண்ட்ஸ்கேப் தாளில் நிற்க முடியாமல் புதிய போர்ட்ரெய்ட் தாளுக்குப் போகிறது, போன கையோடு பக்கத்தை மறுபடியும் முறிக்கிறது. பெயர் மாற்றமே பக்கத்தை முறித்துவிடுவதால் அதை நீக்கிவிடுங்கள். நாளை வரிசைகள் கூடி அட்டவணை இரண்டு பக்கங்களுக்கு நீண்டாலும் நெடுவரிசைத் தலைப்புகள் மீண்டும் வர வேண்டுமென்றால், அவை அட்டவணைத் தலைப்புக்கான டி-ஹெட் உறுப்புக்குள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பதில் 3

இந்த அறிக்கை திரையில் மட்டும் படிக்கப்படுமா, தாளில் அச்சிட்டு நூலாகக் கட்டப்படுமா என்பதையும் கவனியுங்கள். லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் பக்க எண் நீண்ட விளிம்பின் ஓரம் விழும். அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டும்போது எண் பக்கவாட்டில் படுத்திருக்கும். கட்டுவதற்காக என்றால், நீங்கள் முதலில் முயன்ற சுழற்றலே பொருந்தும். அங்கே விடுபட்டது அளவு மட்டுமே. நான்கு பக்கமும் 20 மி.மீ. ஓரம் விட்டால் ஏ4 தாளில் 170-க்கு 257 மி.மீ. மிஞ்சும். சுற்றியுள்ள பெட்டிக்கு 170 அகலமும் 257 உயரமும், உள்ளே அட்டவணைக்கு 257 அகலமும் கொடுத்து, தலைப்பு இடப்புறம் அமையும்படி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90 பாகை சுழற்றி, பெட்டிக்குள் சரியாக உட்காரும்படி நகர்த்துங்கள். சுழற்றிய அட்டவணை ஒரு பக்கத்துக்குள் அடங்கும்வரைதான் இது உதவும், ஏனெனில் சுழற்றிய திசையில் வரிசைகள் அடுத்த பக்கத்துக்கு முறியாது.