மின் மலை சைக்கிளுக்கு ஒரு சைஸ் குறைத்து எடுக்க வேண்டுமா? எனக்கு உடன்பாடு இல்லை

அல்சூர்_சக்கரம்:
போன வாரம் கே.ஆர்.புரம் அண்ணன் இங்கே எழுதியதன் சாரம் இது: மின் மலை சைக்கிள் கனமானது, அதனால் உங்கள் உயரத்துக்குச் சொல்லும் சைஸைவிட ஒன்று குறைத்து எடுங்கள். கடையில் வண்டியைக் காலிடுக்கில் விட்டு நின்று பாருங்கள், டாப் டியூபுக்கு (சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே போகும் மேல் குழாய்க்கு) மேலே இரண்டு அங்குலம் இடம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் எம் சைஸுக்கு முன்பணம் கட்டிவிட்டான். அவன் உயரம் 178 செ.மீ., அதற்கு வழக்கமாகச் சொல்வது எல். எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

முதலில் கனம். எம் ஃபிரேமுக்கும் எல் ஃபிரேமுக்கும் சில நூறு கிராம்தான் வித்தியாசம். மோட்டாரும் பேட்டரியும் இரண்டிலும் அதேதான். 23 கிலோ வண்டி சைஸைக் குறைத்தாலும் 23 கிலோ வண்டிதான்.

அடுத்தது ரீச். பெடல்கள் சுழலும் நடு அச்சுக்கு நேர் மேலே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டிலுக்குக் கீழே உள்ள முன்குழாயின்) மேல்முனை வரை கிடைமட்டமாக அளப்பது. பெடலில் எழுந்து நின்று இறங்கும்போது உடம்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான். ஒரு கம்பெனியின் எம் 430 மி.மீ., இன்னொரு கம்பெனியின் எம் 450 மி.மீ. வெறும் எழுத்தைப் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்? எனக்கு ஆனதுதான் ஆகும். என் முதல் வண்டியைக் கடைக்காரர் கையிருப்பில் இருந்ததால் எம் என்று தள்ளிவிட்டார். சீட்டை உயர்த்தி உயர்த்தி உடம்பு பின்சக்கரத்துக்கு மேலே போய்விட்டது. நந்தி மலையில் மோட்டாரை டர்போவில், அதாவது முழு வேகத் தள்ளலில், போட்டாலே முன்சக்கரம் லேசாகி ஆடும். மூன்று மாதம் கழுத்து வலி வேறு.

இப்போது ஓட்டுவது எல். என் உயரம் 172. ஒரு வலியும் இல்லை.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
என் பெயரைச் சொல்லாமல் ஊரைச் சொன்னதற்கு நன்றி. பதினைந்து வருடமாகப் பெங்களூருவில் மலை சைக்கிள் ஓட்டுகிறேன். துரஹள்ளியில் மின் சைக்கிளோடு பாறை நடுவில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சாதாரண 13 கிலோ வண்டி சாய்ந்தால் கையால் பிடிக்கலாம். 23 கிலோ சாய்ந்தால் அது போகிற பக்கம்தான் நீங்களும் போவீர்கள். அப்போது கால் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும். அதற்குத்தான் இரண்டு அங்குலம்.

சரி, ஒரே கேள்வி. 172 செ.மீ. உயரத்துக்கு எல் வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

அல்சூர்_சக்கரம்:
சொல்கிறேன். என் காலின் உள்நீளம், அதாவது கவட்டிலிருந்து தரை வரை, 79 செ.மீ. வண்டியின் ஸ்டாண்டோவர், அதாவது தரையிலிருந்து டாப் டியூப் வரை உயரம், 77. காலணி அடி இரண்டரை. ஆக 4.5 செ.மீ. இடம் இருக்கிறது. போதும்.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
79ல் 77 போனால் 2. காலணியை ஏன் சேர்க்கிறீர்கள்? உள்நீளம் வெறுங்காலில் அளப்பது.

அல்சூர்_சக்கரம்:
அளப்பது வெறுங்காலில். ஓட்டுவது காலணியோடு. நீங்கள் துரஹள்ளியில் வெறுங்காலோடா ஓட்டுகிறீர்கள்?

கே.ஆர்.புரம்_அண்ணன்:
காலணி மண்ணில் புதையும், சரளையில் வழுக்கும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2 செ.மீ. அவ்வளவுதான். இரண்டு அங்குலம் என்றால் 5 செ.மீ.

வைட்ஃபீல்டு_புதுசு:
வணக்கம் அண்ணா. என் உயரம் 168, உள்நீளம் 77. முதல் மின் சைக்கிள். எம் எடுப்பதா, எல் எடுப்பதா? வார இறுதியில் ஹெசரகட்டா பக்கம் போகத்தான்.

அல்சூர்_சக்கரம்:
தம்பி, கொஞ்சம் இருங்கள், இதை முடித்துவிட்டு வருகிறேன்.

அண்ணா, 4.5. நின்று பார்த்து அளந்தது. அது மட்டுமில்லை, டாப் டியூப் முன்னாலிருந்து பின்னால் சரிந்து இறங்குகிறது. சீட்டுப் பக்கம் நின்றால் இன்னும் இடம் இருக்கும்.

ராஜாஜிநகர்_ஐயா:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். எங்கள் காலத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. உள்நீளத்தை 0.67ஆல் பெருக்க வேண்டும். வருவது ரோட் சைக்கிளின் ஃபிரேம் சைஸ். மலை சைக்கிளுக்கு அதிலிருந்து 10 செ.மீ. கழிக்க வேண்டும். அல்சூர் தம்பிக்கு 79ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 53, பத்தைக் கழித்தால் 43. அங்குலத்தில் 17. எங்கள் பழைய கணக்கில் அது எம்.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
ஐயாவுக்கு வணக்கம். கேட்டுக்கொள்ளுங்கள். எம்.

அல்சூர்_சக்கரம்:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அந்த 43 என்பது சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் நீளம். டாப் டியூப் தரைக்கு இணையாகப் போன காலத்தில் சீட் டியூபை அளந்தால் மொத்த வண்டியையும் அளந்த மாதிரி. இப்போது டிராப்பர் போஸ்ட் (ஓடும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் கம்பி) நீளமாக இறங்க வேண்டும் என்பதற்காக சீட் டியூபைக் குட்டையாகவே செய்கிறார்கள். என் எல் வண்டியின் சீட் டியூப் எவ்வளவு தெரியுமா? 43 செ.மீ. உங்கள் கணக்குப்படியே எனக்கு எல்தான் சரி.

ஸ்பெஷலைஸ்டு கம்பெனி டர்போ லிவோ என்ற தன் மின் மலை சைக்கிளுக்கு எம், எல் என்ற எழுத்துகளையே விட்டுவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை எண் கொடுத்தது. கால் நீளத்தைப் பார்த்து எடுக்காதே, எப்படி ஓட்டுவாய் என்று பார்த்து எடு என்பதுதான் அதன் அர்த்தம். நிதானமாக வளைந்து வளைந்து போக வேண்டுமா, ஒரு எண் கீழே. வேகமாக நேராக இறங்க வேண்டுமா, ஒரு எண் மேலே.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
அதையேதான் நானும் சொல்கிறேன். பெங்களூரு டிரெயில்கள் நிதானமாக வளைந்து போகிறவை. இங்கே எங்கே இருக்கிறது வேகமான நேர் இறக்கம்? ஆகவே ஒரு சைஸ் கீழே. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. இடமும் 2 செ.மீ.தான்.

அல்சூர்_சக்கரம்:
4.5.

எலஹங்கா_மீனா:
நான் 154 செ.மீ. உள்நீளம் 70. இங்கே கடைகளில் கிடைக்கும் மின் மலை சைக்கிள்களில் எஸ் சைஸிலேயே ஸ்டாண்டோவர் 73, 74 என்று இருக்கிறது. காலணி போட்டாலும் எனக்கு இடமே இல்லை. ஒரு சைஸ் குறை என்கிறார் அண்ணன், எஸ்ஸுக்குக் கீழே எதைக் குறைப்பது? நீங்கள் இருவரும் அரை சென்டிமீட்டருக்கும் இரண்டரை சென்டிமீட்டருக்கும் அடித்துக்கொள்கிறீர்கள்.

அவலஹள்ளி காட்டுப் பாதையில் நான் ஓட்டுகிறேன். நிறுத்த வேண்டியபோது வண்டியை ஒரு பக்கம் சாய்த்து ஒரு காலை ஊன்றுகிறேன். டிராப்பரை முன்கூட்டியே இறக்கிவிடுகிறேன். மேட்டில் நின்றுவிட்டால் வாக் மோடு, வண்டி தானாக நடை வேகத்தில் கூட வரும். எனக்கு உண்மையில் தொந்தரவு கொடுத்தது கிராங்க் நீளம், அதாவது பெடலைத் தாங்கும் கையின் நீளம். 170 மி.மீ. கிராங்க் பாறையில் இடித்துக்கொண்டே இருந்தது, 160க்கு மாற்றினேன். முழங்கால் வலியும் போனது. அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
மேடம், உங்கள் நிலைமை வேறு. நான் சொல்வது சைஸ் கிடைக்கிறவர்களுக்கு.

எலஹங்கா_மீனா:
அப்போது அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். "வாங்காதீர்கள்" என்று பொதுவாகத்தானே எழுதினீர்கள்? அதை நம்பியிருந்தால் எனக்கு வண்டியே கிடையாது.

தமிழில்_எழுதுவோம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஃபிரேம் என்பதற்குச் சட்டகம் என்ற நல்ல சொல் இருக்கிறது. கன்னட நாட்டில் வாழும் நாமாவது பயன்படுத்தலாமே.

அல்சூர்_சக்கரம்:
சிவாஜி நகர் சைக்கிள் கடையில் போய்ச் சட்டகம் என்று கேளுங்கள், போட்டோ ஃபிரேம் கடைக்கு வழி காட்டுவார்கள். நான் சின்ன வயதிலிருந்து ஃபிரேம் என்றுதான் கேட்டு வளர்ந்தேன்.

தமிழில்_எழுதுவோம்:
கடைக்காரருக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகிறது.

ராஜாஜிநகர்_ஐயா:
இந்த மோட்டார் வைத்ததற்கு லைசென்ஸ் வேண்டாமா? பக்கத்து வீட்டுப் பையன் கட்டை விரலால் அமுக்கினாலே ஓடுகிறது, பெடலே போடுவதில்லை.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
ஐயா, 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால் மோட்டார் வாகனம் என்று கணக்கில் வராது. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். அந்தப் பையன் வண்டி அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அது சைக்கிளே இல்லை.

அல்சூர்_சக்கரம்:
இதையாவது சரியாகச் சொன்னீர்கள். போன வருடம் டயர் காற்று விஷயத்தில் டியூப்லெஸ்ஸுக்கு 40 பிஎஸ்ஐ என்று எழுதி நாலு பேரைப் பாறையில் வழுக்க வைத்தீர்கள். 24க்கு இறக்குங்கள் என்று சொன்ன என்னை "நேற்று வந்தவர்" என்றீர்கள். நான் மறக்கவில்லை.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
நான் 40 என்று சொன்னது ரோட்டில் போகிறவர்களுக்கு. அன்றைக்கும் பாதியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள், இன்றைக்கும் அதேதான். உங்களைவிட முன்னால் இந்த ஊரில் விழுந்து எழுந்தவன் நான். வலது தோள்பட்டையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஏன் விழுந்தேன் தெரியுமா? நண்பரின் எல் சைஸ் மின் வண்டி. பாறைப் படியில் மோட்டார் நின்றது, காலை ஊன்றினேன், தரை எட்டவில்லை. நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த இரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அல்சூர்_சக்கரம்:
நீங்கள் விழுந்ததற்கு வருத்தப்படுகிறேன், உண்மையாகவே. ஆனால் அன்று சீட் உயரமாக இருந்ததா, இறக்கியிருந்ததா? நண்பரின் வண்டி என்கிறீர்கள், சீட் அவர் உயரத்துக்குத்தானே இருந்திருக்கும்? கால் எட்டாததற்கு டாப் டியூப் காரணமா, சீட் காரணமா? ஸ்டாண்டோவர் என்பது சீட்டுக்கு முன்னால் இறங்கி நிற்கிறவனுக்கு. பாறைப் படியில் நின்ற வண்டியில் நீங்கள் சீட்டின் மேலேதான் இருந்திருப்பீர்கள். இதை யோசிக்காமல் ஒரு தடவை விழுந்ததை வைத்து ஊருக்கே சைஸ் குறைக்கச் சொல்வது சரியில்லை.

இன்னொன்று. மின் சைக்கிளில் ஏற்றத்தில் உட்கார்ந்தேதான் அதிக நேரம் ஓட்டுவோம். அதற்காகத்தான் சீட் டியூப் கோணத்தை 76, 77 டிகிரி என்று நிமிர்த்துகிறார்கள். கோணம் நிமிர்ந்தால் உட்கார்ந்தபோது ஹேண்டில் கிட்டே வந்துவிடும். அதனால் ரீச் நீளமாக இருந்தாலும் கை நீட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. போன தலைமுறை வண்டியின் கணக்கை இதில் போட்டால் தப்பாகத்தான் வரும். சின்ன வண்டியை எடுத்துவிட்டு ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். போட்டால் ஸ்டீயரிங் மந்தமாகிவிடும், இறக்கத்தில் உடம்பு முன்சக்கரத்துக்கு மேலே போய்விடும். ஸ்டெம்மை மாற்றலாம், கிராங்கை மாற்றலாம், சீட்டை மாற்றலாம். ஃபிரேமை மாற்ற முடியாது. அதைச் சின்னதாக எடுத்துவிட்டால் வண்டியை விற்கும் வரை அப்படியே ஓட்ட வேண்டியதுதான்.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
சீட் எங்கே இருந்தது என்பது இப்போது ஞாபகம் இல்லை. தரை எட்டவில்லை, அது ஞாபகம் இருக்கிறது.

பெரிதாக எடுத்தவனும் மாற்ற முடியாது. நீளமான வண்டியை அவலஹள்ளியின் வளைவுகளில் திருப்பிப் பாருங்கள்.

எலஹங்கா_மீனா:
அவலஹள்ளி வளைவுகளில் பெரிய வண்டிகளும் திரும்புகின்றன அண்ணா. நான் வாராவாரம் பார்க்கிறேன்.

வைட்ஃபீல்டு_புதுசு:
அண்ணா, 168, உள்நீளம் 77. நாளைக்குள் கடைக்குச் சொல்ல வேண்டும்.

அல்சூர்_சக்கரம்:
தம்பி, நீங்கள் பார்க்கும் வண்டியின் எம், எல் இரண்டின் ரீச்சையும் எழுதுங்கள், பிறகு சொல்கிறேன். உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
தம்பி, எம். யோசிக்காமல் எடுங்கள். இடம் இரண்டு அங்குலம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வெறுங்காலில்.

அல்சூர்_சக்கரம்:
காலணியோடு. ஞாயிறு காலை ஆறரைக்கு அவலஹள்ளி வாசலில் டேப்போடு நிற்கிறேன். என் வண்டியையும் கொண்டு வருகிறேன். நீங்களே அளங்கள்.

கே.ஆர்.புரம்_அண்ணன்:
வருகிறேன். காலணியைக் கழற்றி வையுங்கள். போட்டுக்கொண்டு அளந்தாலும் 4.5 என்பது 5 இல்லை.