“கணையத்தையே மாற்றலாமாமே?” – கிளினிக் வாங்கில் கேட்டவையும் வீட்டில் கண்டவையும்

கல்லடியிலிருந்து

கிளினிக் வாங்கில் காத்திருக்கும் நேரத்தில் காதில் விழுவதை எழுதினால் ஒரு புத்தகமாகும். அண்மையில் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். “தம்பி, கணையத்தை மாற்றினால் சீனி வருத்தம் அடியோடு போய்விடுமாமே? கொஞ்ச வயல் கிடக்கிறது, விற்கலாம்” என்றார். அவர் எடுப்பது மெட்போமின் குளிசை மட்டும். ஊசி கூட இல்லை.

கதை முழுப்பொய் இல்லை, அதனால்தான் எடுபடுகிறது. 1966இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சிறுநீரகத்தோடு சேர்த்துக் கணையத்தையும் முதன்முதலாக மாற்றினார்கள். 2000இல் கனடாவின் எட்மன்டன் நகர வைத்தியர்கள், இன்சுலின் சுரக்கும் திட்டுக்களை மட்டும் பிரித்தெடுத்து ஈரலுக்குப் போகும் நாளத்தில் செலுத்திய ஏழு பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு பேரும் ஊசியை விட்டிருந்தார்கள். காணொளிக்காரர் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒருவர் அளவே ஊசியில்லாமல் இருந்தார்கள். மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தையும் விடாமல் எடுக்கவேண்டும்.

அந்த ஏழு பேருக்கும் இருந்தது முதலாம் வகை. கணையத்தில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன நிலை. பெரியவருடையது இரண்டாம் வகை. அவருடைய கணையம் இன்னும் சுரக்கிறது, உடம்புதான் அதன் சொல்லைக் கேட்பதில்லை. புதிதாக ஒன்றை வைத்தாலும் அதே உடம்போடுதான் அது மல்லுக்கட்டவேண்டும். “வயலை விற்காதீர்கள் ஐயா” என்றேன். அவருக்கு ஏமாற்றந்தான். இப்படியான கேள்வியோடு உங்களிடம் யாராவது வந்திருக்கிறார்களா?

அக்கரைப்பற்றிலிருந்து, ஒரு தாய்

எங்கள் மகளுக்கு முதலாம் வகை. “பிள்ளைக்குமா சீனி வருத்தம்? நீங்கள் இனிப்புக் கொடுத்து வளர்த்தீர்களா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

திட்டு மாற்றும் சிகிச்சையைப் பற்றி அவளுடைய வாப்பாதான் வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் சிரிக்கவில்லை, விளக்கினார். சீனி இறங்குவதை முன்கூட்டி உணரமுடியாமல் திரும்பத் திரும்ப மயங்கி விழும் பெரியவர்களுக்கே அது முக்கியமாகக் கைகொடுக்கும் என்றார். 2023இல் அமெரிக்கா அனுமதித்ததும் அப்படிப்பட்ட வளர்ந்தவர்களுக்குத்தானாம். 2025இல் வந்த ஆய்வில், மூல உயிரணுவிலிருந்து வளர்த்தெடுத்த திட்டுக்களைச் செலுத்திய பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஓராண்டு முடிவில் ஊசியில்லாமல் இருந்தார்கள். அவர்களும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களே. வளரும் பிள்ளைக்கு அந்த மருந்தை விட இன்சுலினே மேல் என்பது இன்றைக்கு எங்கள் முடிவு. காலம் மாறினால் மாற்றிக்கொள்வோம்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து

நீங்கள் இருவரும் கணையத்தைப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பேச்சு சிறுநீரகம். இந்தப் பகுதியில் சீனி வருத்தக்காரர் மாற்றுச் சிகிச்சையை நேருக்கு நேர் சந்திப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன்.

என் கணவருக்கு இன்சுலின் அளவு மெல்லமெல்லக் குறைந்துகொண்டு வந்தது. குறிஞ்சா இலைச் சுண்டல்தான் காரணம் என்று அவருடைய கூட்டாளிமார் அடித்துச் சொன்னார்கள். சந்திக் கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே பிளேன்டீ குடித்தார். உண்மையில் நடந்தது வேறு. உடம்பிலிருந்து இன்சுலினை அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது சோர்ந்தால் போட்ட ஊசி நெடுநேரம் உள்ளே நின்று வேலை செய்யும், சீனி தானாக இறங்கும். நாங்கள் சந்தோசப்பட்ட மாதங்கள் சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டிருந்த மாதங்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம். இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீரகம் மாற்றலாம், பொருத்தமானவர் இருந்தால் அப்படிச் செய்வதே நல்லது என்பதை இயந்திரத்தில் ஏறிய பிறகுதான் கேள்விப்பட்டோம். யாரும் ஒளித்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் கொப்பியைத் திருப்பி மருந்தெழுதும் அந்த இரண்டு நிமிடத்தில் அதற்கு இடமில்லை.

கொடுக்க முன்வந்தது யார் தெரியுமா? என் அம்மா. மட்டக்களப்பில் மருமகன் மாமியார் வீட்டில்தானே வாழ்கிறார்? “என் வளவில் இருக்கிற பிள்ளைக்கு நான் கொடுக்காமல் யார் கொடுப்பது?” என்றார். கணவரின் பக்கத்தில் அதற்கும் முணுமுணுப்பு: கூடப்பிறந்தவர்கள் இருக்க மாமியிடம் வாங்குவதா என்று. முணுமுணுத்தவர்களில் ஒருவரும் இரத்த வகை பார்க்க வரவில்லை, அது வேறு கதை. அம்மாவின் இரத்த வகை பொருந்தியது. அடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி கூடுதலாக வந்து, அம்மாவுக்கும் நீரிழிவு என்று உறுதியானது. கொடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே சமையலறையில் சாப்பிடும் குடும்பத்தில் கொடையாளி தேடுவது இப்படித்தான் முடிகிறது. அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. கொடுக்கமுடியாத கவலை, வருத்தம் வந்ததற்கு அல்ல.

பிறகு தரகர் ஒருவர் வாசலுக்கே வந்தார். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். அனுப்பிவிட்டோம். இப்போது கணவரின் தம்பி மனம் மாறியிருக்கிறார். பரிசோதனைக்குக் கண்டிக்குப் போகவேண்டும்.

கல்லடியிலிருந்து

தங்கச்சி, தம்பியார் மனம் மாறியது பெரிய செய்தி. ஒன்று கேட்கிறேன்: சிறுநீரகம் மாற்றியபின் சீனி வருத்தமும் மாறுமா? வாங்கில் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

திருக்கோவிலிலிருந்து

மாற்றிக்கொண்டவன் என்ற முறையில் நான் சொல்கிறேன். மாறாது. எனக்கு இன்சுலின் கூடியது. வேலை செய்யும் சிறுநீரகம் ஊசி மருந்தைப் பழையபடி அகற்றுகிறது. போதாக்குறைக்கு, மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எடுக்கும் டக்ரோலிமஸ், பிரெட்னிசலோன் இரண்டும் சீனியை ஏற்றும் மருந்துகள். புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்தார்கள், பழையவை இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. “அப்படியானால் உனக்கு மூன்றா?” என்று தழும்பைக் காட்டச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்கு: தம்பியார் கண்டிக்குப் போகமுன் இங்கேயே இரத்த வகையும் வெறும் வயிற்றுச் சீனியும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிட்டுப் போகட்டும். அதில் சறுக்கினால் பயணச் செலவாவது மிச்சம். மற்றவர்களும் அந்தப் புரதப் பரிசோதனையை ஆண்டுக்கொரு முறையாவது கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் பழுதாவதை வீக்கம் வருமுன்பே அது காட்டிக்கொடுக்கும். மாற்றியபின் குளிசையை நேரம் தவறாமல் எடுக்கவேண்டும். குறிஞ்சா உட்பட எந்த மூலிகையையும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், டக்ரோலிமஸ் அளவைக் கூட்டிவிடும். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் பை நிறையக் கொண்டுவருவார்கள், முதலே சொல்லிவையுங்கள்.